கொடுத்த எடை

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்திய பெரியப்பாவின் வீட்டில் வளர்ந்தவன் நான். வெள்ளியை நிறுத்துக் கொடுப்பதும், கொலுசாகத் திரும்பும்போது அதே தராசில் நிறுத்து வாங்குவதும், குறைந்ததைச் சேதாரம் என்று எழுதுவதும் அங்கே அன்றாடக் காட்சிகள். "கொடுத்த எடையை முதலில் எழுதுடா" என்பார். பிற்பாடு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில், ஒளித்துடிப்பைச் சற்று நேரம் பிடித்துவைத்துத் திரும்பத் தரும் குவாண்டம் நினைவகத்தில் பணியாற்றியபோது அதையே மறந்தேன்.

ஒளியைப் பிடித்துவைக்கும் எங்கள் படிகம், பிரசியோடைமியம் என்ற அருமண் தனிமம் சிறிதளவு கலந்த இட்ரியம் சிலிகேட். டைமன் கல்கண்டைவிடச் சற்றே பெரியது. அதை 4 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்து, 606 நானோமீட்டர் லேசரால் அதன் உட்கவர் நிறமாலையை, அதாவது எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்ற வரைவை, சீப்புப் பற்களைப் போலச் செதுக்குவோம். பற்களுக்கிடையே 1 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருந்தால், உள்ளே போன ஒளித்துடிப்பு 1 மைக்ரோவினாடி கழித்து எதிரொலியாக வெளிவரும். ஒளியை விழுங்கவைப்பது எளிது; திரும்ப வாங்குவதில்தான் பாடு. பற்களை அடர்த்தியாக்கினால் அதிகம் உட்கவரும், ஆனால் வெளியேறும் எதிரொலியையும் அதே அணுக்கள் வழிமறித்து விழுங்கும். போன திசையிலேயே ஒளி வெளிவரும்வரை இம்முறையில் திறன், அதாவது கொடுத்த ஒளியில் திரும்பக் கிடைக்கும் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்ட முடியாது என்பது கணக்கு. மின்புலச் சரிவைப் பயன்படுத்தும் வேறொரு முறையில், இதே வகைப் படிகத்தில், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2010-இல் 69 சதவீதம் எட்டியிருந்தார்கள்.

ஒரு நள்ளிரவில் எனக்குத் திறன் 55 சதவீதம் என்று வந்தது. மகிழ்ந்தேனே தவிர, வரம்பைத் தாண்டிய அந்த ஒரு சதவீதம் உறுத்தவில்லை. மறுநாள்தான் புரிந்தது: உள்ளே அனுப்பும் துடிப்பின் அளவை, ஒளியை விழுங்க அணுக்களே இல்லாதபடி லேசரால் துடைத்துவிட்டதாக நான் நம்பிய அலைவெண் பகுதியின், அதாவது நிறமாலைப் பள்ளத்தின், வழியே எடுத்திருந்தேன். பள்ளம் முழுதாகத் துடைபடவில்லை. மிஞ்சிய அணுக்கள் ஒரு பங்கைத் தின்றுவிட, கொடுத்த எடை குறைவாகப் பதிவாகியிருந்தது. படிகம் உட்கவராத அலைவெண்ணில் மீண்டும் அளந்தபோது திறன் 33-க்கு இறங்கியது. பட்டறையிலாவது தரைத் தூசியைக் கூட்டி உருக்கிக் கொஞ்சம் வெள்ளியை மீட்பார்கள். இங்கே இழந்த ஒளி, திசையற்ற ஒளிர்வாகச் சிதறிப் போய்விடும்.

இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வண்ணக் கண்ணாடியின் உட்கவரலை அளக்கும் எளிய சோதனைக்குக்கூட, கண்ணாடியை வைக்குமுன் ஒருமுறை, எடுத்தபின் ஒருமுறை என்று லேசரின் அளவை இருமுறை எழுதச் சொல்கிறேன். நேரம் வீணாகிறது என்று மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள்; சென்ற வாரம் ஒரு குழுவுக்கு அந்த இரண்டு அளவுகளும் பொருந்தவில்லை, லேசரின் மின்கலம் தீர்ந்துகொண்டிருந்தது.