இயற்கை சார்ந்த தீர்வுகள் பயிற்சித் தேர்வு: லிட்டரில் பேசுங்கள்

முடிவு வந்துவிட்டது, தேர்ச்சி பெற்றுவிட்டேன். குளம், சதுப்புநிலம் போன்ற இயற்கை அமைப்புகளைக் கொண்டு வெள்ளம், வறட்சி போன்ற சிக்கல்களைத் தீர்க்கக் கற்றுத்தரும், நகராட்சிப் பொறியாளர்களுக்கான இந்தப் பணியிடைப் பயிற்சியில் அடுத்த அணியில் சேரப்போகிறவர்களுக்காக, நினைவில் சூடு இருக்கும்போதே எழுதுகிறேன்.

எழுத்துத் தேர்வு எளிது. இத்தகைய தீர்வுகளுக்காகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020-இல் வெளியிட்ட உலகத் தரத்தின் 28 குறிகாட்டிகளையும் பலர் உருப்போடுகிறார்கள். 8 அளவுகோல்கள் போதும். முதலாவதை மட்டும் ஆழமாகப் படியுங்கள்: மக்களின் எந்தச் சிக்கலை இது தீர்க்கிறது? இதற்குப் பதில் இல்லாத மரநடுகையை இயற்கை சார்ந்த தீர்வு என்று எழுதினால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும்.

களத்திட்ட அறிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது. என்னைக் கரைசேர்த்தது நீர்க்கணக்கு. ஒரு ஹெக்டேர் குடியிருப்புப் பகுதியில் 5 செ.மீ. மழை பெய்தால் விழுவது 5 லட்சம் லிட்டர். தாரும் சிமெண்டுமாக இருந்தால் வழிந்தோடும் விகிதம் 0.8 என்று வையுங்கள், 4 லட்சம் லிட்டர் தெருவுக்கு வரும். 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள பூங்காக் குளம் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். இந்த நான்கு வரிகளை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வைத்தேன். நேர்முகக் குழுவினர் வண்ணப் படங்களைப் புரட்டவே இல்லை, நேராகக் கணக்குக்கு வந்தார்கள். “கொசு வராதா?” என்றார்கள். கொசு முட்டை வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், அதற்கு முன்பே நீர் மண்ணில் இறங்கிவிடும் என்றேன். திருவான்மியூர் மணலில் இது நடக்கும், கிண்டிப் பாறையில் நடக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. மழை பெய்யும்போது வார்டில் தனியாக நடந்தேன். நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை வரைபடத்தைவிடத் தெரு நன்றாகச் சொல்கிறது. வகுப்பில் இதற்கு ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2019 ஜூலையில் அதே ஊருக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் போனது. வடிகால் மட்டுமே கட்டத் தெரிந்த பொறியாளர்களால் இந்த இரண்டையும் சேர்த்துத் தீர்க்க முடியாது.

மற்றவை:

- பள்ளிக்கரணை: சென்னையின் இந்தச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பரப்பை மட்டும் எழுதாதீர்கள். மேலே உள்ள ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்குப் போகும் பாதையை வரையுங்கள்.
- கோபன்ஹேகன்: டென்மார்க் தலைநகரில் 2011 ஜூலையில் பெருமழை, அதைச் சமாளிக்க 2012-இல் பெருமழை மேலாண்மைத் திட்டம். குழாய்களைப் பெரிதாக்குவதோடு நிறுத்தாமல் பூங்காக்களையும் தெருக்களையும் ஏன் சேர்த்தார்கள் என்ற செலவுக் காரணம் முக்கியம்.
- பராமரிப்பு: செலவு மதிப்பீட்டில் இதற்குத் தனி வரி வேண்டும். யார் தூர்வாருவார், எந்தத் தலைப்பில் பணம் வரும் என்று எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் என்று மாதத்தையும் குறித்திருந்தேன். பராமரிப்பு பற்றி நேர்முகக் குழுவினர் வேறு கேள்வி கேட்கவில்லை.