நூறு வரை பொறு என்று சொல்லும் ஊர்

ஜப்பானில் ஒருவருக்கு நூறு வயது நிறையும் ஆண்டில், செப்டம்பர் மாத முதியோர் தினத்தை ஒட்டி, பிரதமரின் வாழ்த்து மடலும் ஒரு வெள்ளிக் கிண்ணமும் வீடு தேடி வரும். 'சாக்கே' என்ற அரிசி மது அருந்தும் தட்டையான கிண்ணம் அது. இந்த வழக்கம் தொடங்கிய 1963இல் நாடு முழுக்க நூறைத் தொட்டவர்கள் 153 பேர்தான். 2025இல் 99,763 பேர். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் பெண்கள். செலவு கட்டுப்படியாகாமல் கிண்ணத்தின் அளவைக் குறைத்தார்கள்; 2016 முதல் சுத்த வெள்ளிக்குப் பதிலாக வெள்ளி முலாம் பூசியதைக் கொடுக்கிறார்கள். கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

முதியோர் பராமரிப்பைப் படிக்கக் கிளம்பிய ஒரு சிறு குழுவோடு நான் போனேன். செவிலியர்கள், சமூகப்பணி ஆசிரியர்கள், என்னைப் போல வயதான அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள். இந்த மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கேள்விதான் விமானம் ஏறும்போது எல்லோர் மனதிலும் இருந்தது. ஊர் ஊராகப் பார்க்கப் பார்க்க, என் கேள்வி மாறிவிட்டது: எண்பது வயதுக்காரரிடம் காலையில் யார், எதைக் கேட்டு வருகிறார்கள்?

டோக்கியோவில் சுகாமோ என்ற பகுதியில் முதியவர்களுக்கென்றே ஒரு கடைத்தெரு இருக்கிறது. பாட்டிமார்களின் ஹராஜுகு என்று செல்லமாகச் சொல்வார்கள். ஹராஜுகு இளசுகள் திரியும் இடம். விலைச்சீட்டில் எழுத்துகள் பெரிது, கடைகளுக்குள் உட்கார நாற்காலி உண்டு. கோகன்ஜி என்ற பௌத்தக் கோயில் வளாகத்தில், கருணையின் வடிவமாக வணங்கப்படும் கன்னோனின் சிலை ஒன்று நிற்கிறது. உடம்பில் எங்கே வலிக்கிறதோ, சிலையில் அதே இடத்தைத் தண்ணீர் விட்டு ஈரத்துணியால் துடைத்தால் நோவு தீரும் என்பது நம்பிக்கை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி இரண்டு முழங்காலையும் நிதானமாகத் துடைத்துவிட்டு, அடுத்தவரிடம் துணி நனைக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தார்.

அந்தத் தெருவில் சிவப்பு உள்ளாடை மட்டும் விற்கும் கடை ஒன்று பிரபலம். அறுபது நிறைந்தவருக்கு ஜப்பானியர்கள் சிவப்பு அங்கியும் சிவப்புத் தொப்பியும் அணிவித்துக் கொண்டாடுகிறார்கள். அறுபதாண்டுச் சுற்று முடிந்து, பிறந்த ஆண்டு மீண்டும் வருகிறது. அதனால் அவர் மறுபடி குழந்தை. பிரபவ முதல் அட்சய வரை எண்ணி அறுபதாம் கல்யாணம் செய்யும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாம் எண்பதில் சதாபிஷேகம் செய்கிறோம். அவர்கள் எழுபது, எழுபத்தேழு, எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றொன்பது என்று ஒவ்வொரு படியிலும் நின்று கொண்டாடுகிறார்கள்.

நான் அதிக நேரம் செலவழிக்க விரும்பியதும், செலவழித்ததும் ஷிகோகு தீவின் கமிகாட்சு மலைக்கிராமத்தில்தான். தொகுஷிமா மாவட்டம், மக்கள் தொகை ஆயிரத்து ஐந்நூறுக்கும் கீழே, அதில் பாதிக்கு மேல் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களை நம்பி வாழ்ந்த ஊர். 1981இல் வந்த கடுங்குளிரில் மரங்கள் ஏறக்குறைய அத்தனையும் கருகின. அப்போது விவசாயக் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த யோகோஇஷி தொமோஜி என்ற இளைஞர், ஒசாகாவில் ஓர் உணவகத்தில், தட்டில் அழகுக்கு வைத்த மேப்பிள் இலையைச் சில பெண்கள் ஆசையாக எடுத்து வைத்துக்கொள்வதைக் கவனித்தார். நம் மலையில் இது குவிந்து கிடக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. ஊரில் சொன்னபோது, இலையைப் பொறுக்கிக் காசாக்குவதா என்று பலரும் முகம் சுளித்தார்கள். 1986இல் நான்கு பெண்களோடு தொழில் தொடங்கியது. இன்று முந்நூறுக்கும் அதிகமான வகையில் இலை, பூ, கிளை இங்கிருந்து பெருநகர உணவகங்களுக்குப் போகின்றன.

பறிப்பவர்களின் சராசரி வயது எழுபதை ஒட்டி இருக்கிறது. எண்பது கடந்த ஒரு பாட்டியின் தோட்டத்தில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன். வாசல் திண்ணை மாதிரியான இடத்தில் டேப்லெட் திறந்திருந்தது. எந்த இலை எத்தனை பெட்டி வேண்டும் என்ற ஆர்டர் அதில் வரும். முதலில் தொட்டவருக்குத்தான் அது. அன்று அவர் பிடித்தது நந்தினா என்ற புதர்ச்செடியின் இலை. ஒரே அளவு, ஒரே பச்சை, பூச்சி அரித்த தடம் கூடாது. கத்தரிக்கோலின் வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை. பெட்டியில் அடுக்கும்போது நான் வைத்த ஓர் இலையை எடுத்துத் திருப்பி வைத்தார். நரம்பு மேலே தெரியக்கூடாதாம். ஊரில் தன் விற்பனை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் திரையில் பார்க்கலாம். அதைக் காட்டும்போது அவர் முகத்தில் வந்த பெருமிதத்தைப் பார்த்தபின், முதுமைக்குத் தேவை ஓய்வு என்று இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நாளை மழை என்று வானிலை சொல்லியிருப்பதால் பேச்சை நீட்ட அவருக்கு நேரம் இல்லை. நாங்கள்தான் விடைபெற வேண்டியதாயிற்று.

இது ஏதோ ஒரு கிராமத்தின் அதிசயம் என்று ஒதுக்க முடியாது. அறுபது கடந்தவர்களுக்குச் சிறு வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் 'சில்வர்' மையங்கள், 1975இல் டோக்கியோவில் தொடங்கி, இன்று நாடெங்கும் இயங்குகின்றன. சைக்கிள் நிறுத்தத்தை ஒழுங்குபடுத்துவது, களை பிடுங்குவது, காகிதக் கதவுக்குப் புதுத்தாள் ஒட்டுவது என்று மாதத்தில் சில நாள் வேலை. முடியாமல் படுத்துவிட்டவர்களுக்கு, 2000 முதல் நடக்கும் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. நாற்பது வயதிலிருந்தே எல்லோரும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். மகளோ மருமகளோ தனியாகச் சுமந்த பாரத்தை நாடு பங்கிட்டுக்கொண்டது. வீட்டில் அந்தப் பாரத்தைத் தெரிந்தவள் என்பதால், இந்த ஒரு சட்டத்துக்காகவே அந்த நாட்டை நான் மதிக்கிறேன்.

ஜப்பானின் தென்கோடித் தீவு மாவட்டமான ஒகினாவாவின் வடபகுதியில், காடும் கடலும் நெருங்கும் இடத்தில் ஒகிமி கிராமம். இங்கே 1993இல் முதியோர் சங்கத்தார் தங்கள் ஊரை நீண்ட ஆயுளில் ஜப்பானிலேயே முதலிடம் பெற்ற கிராமமாகத் தாங்களே பிரகடனம் செய்து கல்லில் பொறித்து வைத்தார்கள். எண்பதில் நீ இன்னும் பிள்ளை. தொண்ணூறில் மேலிருந்து அழைக்க வந்தால், நூறு வரை பொறு என்று திருப்பி அனுப்பு என்கிறது கல். முதுமையில் பிள்ளைகளிடம் கொஞ்சிக்கொண்டு நிற்காதே என்ற வரியும் அதில் உண்டு. அதன் முன் எங்கள் குழு வெகுநேரம் விவாதித்தது.

சாப்பாடு நமக்கு அந்நியமாக இல்லை. பாகற்காயும் தோஃபு என்ற சோயாக்கட்டியும் சேர்த்த வதக்கல், பீர்க்கங்காய் வகை ஒன்று, ஊதாச் சர்க்கரைவள்ளி, எதன் மேலும் பிழியும் ஷிகுவாசா என்ற குட்டிப் புளிப்புப் பழம். இவர்களின் 'மொஅய்' சுத்தமான சீட்டுப் பிடித்தல். மாதம் ஒருமுறை கூடிப் பணம் போட்டு, முறை வைத்து எடுத்து, கூடவே ஊர்க்கதை பேசுகிறார்கள். வராதவரைத் தேடிப் போகிறார்கள்.

அதே ஊரின் கிஜோகா பகுதியில் வாழை இனத்துத் தண்டிலிருந்து நார் உரித்து 'பாஷோஃபு' துணி நெய்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அழிந்துகொண்டிருந்த இந்தக் கலையை மீட்ட தைரா தொஷிகோ 1921இல் பிறந்து, நாட்டின் வாழும் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் 101 வயதில் மறைந்தார். நாரை ஒன்றோடொன்று முடிந்து நூலாக்கும் வேலை முதிய பெண்களுடையது. பல மாதம் பிடிக்கும் அந்த வேலைக்குப் பொறுமை உள்ள விரல்கள் வேண்டும். நூல் வராவிட்டால் தறி நின்றுவிடும்.

இதையெல்லாம் கேட்டு ஒகினாவா போகிறவர்கள் இன்னொரு கணக்கையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1985இல் ஜப்பானின் 47 மாவட்டங்களில் ஆண்களின் ஆயுளில் முதலிடம் ஒகினாவாவுக்கு. 2000இல் 26ஆவது இடம். 2020இல் 43ஆவது. முதலிடத்திலேயே இருந்துவந்த பெண்களும் 16ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டார்கள். 1972 வரை நீண்ட அமெரிக்க ஆட்சி, அதோடு வந்த பொரித்த கோழியும் டின் இறைச்சியும், நாலு எட்டு நடக்கவும் கார் என்று காரணங்கள் சொல்கிறார்கள். பாட்டிகள் நூறைத் தொட்ட வீடுகளில் பேரன்கள் அறுபதில் விழுகிறார்கள். மண்ணில் ஏதோ மகிமை என்று நம்பி வந்தவர்களுக்கு இது கசப்பான பாடம்.

இதைவிடக் கசப்பானது நகரங்களில் இருக்கிறது. 2024இல் வீட்டில் தனியாக இறந்துகிடந்தவர்கள் என்று காவல்துறை கணக்கெடுத்தது 76,020 பேரை. அதில் 58,044 பேர் அறுபத்தைந்தோ அதற்கு மேலோ. பல நாள் கழித்து, செய்தித்தாள் குவிந்து கிடப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டிய கதைகள் உண்டு. காப்பீடு, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் உள்ள நாட்டில்தான் இது நடக்கிறது. இலை கேட்டோ, நூல் கேட்டோ, சீட்டுப் பணம் கேட்டோ அந்தக் கதவுகளுக்கு யாரும் வந்திருக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சுகாமோவுக்கு 4, 14, 24 தேதிகளில் போங்கள், அன்றுதான் கோயில் திருவிழாக் கடைகள். கமிகாட்சுவுக்குப் பேருந்து குறைவு; தொகுஷிமா நகரிலிருந்து காரில் போவது சுலபம். ஒகிமியில் முதியவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அது கண்காட்சி இல்லை, அவர்கள் வீடு. முடிந்தால் ஷிகுவாசா பறிக்கும் பருவத்தில் போய், ஒரு கூடை தூக்க உதவுங்கள். பேச்சு தானாக வரும்.