நான்கும் சேர்ந்து சிமிட்டின

என் ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. சிக்னல் மூடிகள் வெயில் பட்டுப் பட்டு, மோர் ஊற்றி வைத்ததுபோல மங்கிப்போயின. போன மாதம் ஒருநாள் இருட்டும் நேரத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையில் வந்து தோட்டத்துச் சந்துக்குள் திரும்பினேன். பின்னால் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி போட்ட பிரேக் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. லோரிக்கார அண்ணன் தலையை வெளியே நீட்டி, "தம்பி, சிக்னல் போட மாட்டியா?" என்றார். போட்டுத்தான் இருந்தேன்.

அந்த வாரமே நான்கு எல்.இ.டி. சிக்னல் வாங்கிவிட்டேன். மஞ்சள்தான். நீலம், வெள்ளை என்று கடையில் தோரணமாய்த் தொங்குகிறது. சாலைத் தடுப்பில் ஜே.பி.ஜே.காரருக்கு (சாலைப் போக்குவரத்து இலாகா) விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கழற்றி மாட்டுவது அரை நாள் வேலை. வயர் நிறம் தெரிந்தால் குழப்பமில்லை: ஆரஞ்சு இடது, வெளிர்நீலம் வலது, பச்சை எர்த். பல்பை எப்படி மாட்டினாலும் எரியும், எல்.இ.டி.யில் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டு, பொருளே கெட்டது என்று விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாவியைத் திருப்பி இடது சிக்னல் போட்டால் படபடவென்று அடித்துக்கொள்கிறது. இது எதிர்பார்த்ததுதான். பழைய பல்பு ஒவ்வொன்றும் 10 வாட், ஒரு பக்கத்துக்கு 20. புதியவை இரண்டும் சேர்ந்து 3 வாட்டைத் தாண்டாது. இவ்வளவு குறைவாக இழுத்தால், ஏதோ பல்பு அவிந்துவிட்டது என்று எண்ணி, சிக்னலைச் சிமிட்டவைக்கும் ரிலே வேகத்தைக் கூட்டிவிடுகிறது. பழைய பல்பு அளவுக்கு மின்சாரம் இழுக்க ஒரு ரெசிஸ்டர் போட்டால் சரியாகும் என்றார் பட்டறை அண்ணன். சரியாகும்தான். ஆனால் மிச்சமான மின்சாரத்தைச் சூடாக்கி, பிளாஸ்டிக் கவருக்குப் பக்கத்தில் வைத்து வீணடிப்பானேன்? பதினைந்து வெள்ளி கொடுத்து எல்.இ.டி. ரிலே வாங்கினேன். அதில் எர்த்துக்கென்று மூன்றாவது வயர் ஒன்று உண்டு.

ரிலே மாறியதும் வேகம் அடங்கியது. ஆனால் இடது போட்டாலும் வலது போட்டாலும் நான்கும் சேர்ந்து சிமிட்டின! அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னய்யா, தைப்பூசத் தேர் மாதிரி மின்னுது?" என்றார்.

இரண்டு ராத்திரி மண்டையைக் குடைந்த பிறகே காரணம் பிடிபட்டது. என் மீட்டரில் சிக்னல் போட்டதைக் காட்ட இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒரு சின்னப் பல்புதான். அதன் ஒரு கால் ஆரஞ்சிலும் மறு கால் வெளிர்நீலத்திலும் இருக்கிறது. இடது போட்டால், மின்சாரம் அந்தப் பல்பு வழியாக வலப்பக்கம் போய், அங்குள்ள பல்புகளுக்குள் புகுந்து எர்த்துக்கு இறங்கும். அந்தச் சொற்ப மின்சாரம் 10 வாட் பல்புக்குக் காணாது. அதனால் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. எல்.இ.டி.க்கு அதுவே வயிறு நிறையும் சாப்பாடு.

வைத்தியம், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு. சில்லறைக் காசுதான். மீட்டர் பல்பின் இரண்டு வயரையும் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு டயோடைப் பற்றவைத்தேன். டயோடில் உள்ள வெள்ளிக் கோடு பல்பைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கோடு உள்ள இரண்டு முனைகளையும் ஒன்றாக்கிப் பல்பின் ஒரு காலுக்கும், மறு காலைப் பச்சைக்கும் கொடுத்தாயிற்று. எந்தப் பக்கம் போட்டாலும் மீட்டர் பல்பு எரியும். மறுபக்கம் போக வழியில்லை.

கைபேசியை வைத்து எண்ணினேன்: 15 விநாடிக்கு 21 தடவை, அதாவது நிமிஷத்துக்கு 84. ஐ.நா. வாகன விதிகள் சொல்வது 60 முதல் 120 வரை.

நேற்றைய மழையில் வலது முன் சிக்னலுக்குள் ஆவி படிந்திருக்கிறது. வயர் நுழையும் ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் போயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிலிக்கோன் பூசப் போகிறேன்.