கேள்வி நேரத்தை எப்படிப் படிப்பது: குரூப் 1, யுபிஎஸ்சி எழுதுவோருக்கு

நாடாளுமன்றம் பற்றிய பாடத்தில், உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் கேள்வி கேட்கும் கேள்வி நேரத்துக்கு எந்தப் புத்தகமும் ஒரு பக்கத்துக்கு மேல் இடம் கொடுப்பதில்லை. அந்த ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு உட்காருகிறவர்கள் பிரிலிம்ஸில் கூற்றுக் கேள்வியிலும், மெயின்ஸில் 'நிர்வாகத்தின் பொறுப்புடைமை' என்று வரும் கேள்வியிலும் கோட்டை விடுகிறார்கள். காரணம் எளிது. நட்சத்திரக் குறியிட்டது (அவையில் வாய்மொழிப் பதில்), குறியிடாதது (எழுத்தில் மட்டும் பதில்), குறுகிய கால அறிவிப்பு என்று வகைகளை மட்டும் படித்தால் அவை ஒட்டாமல் நிற்கும். ஒரே ஒரு கேள்வியை, உறுப்பினர் அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து அமைச்சரின் உறுதிமொழி நிறைவேறும் வரை பின்தொடர்ந்து படித்தால் வகை, விதி, எண், குழு எல்லாம் தானாக வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு வேண்டும். கேள்வி நேரம் என்ற சொல் அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்று சொல்வது பிரிவு 75(3). தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை ஒவ்வொரு அவைக்கும் தருவது பிரிவு 118. அந்த அதிகாரத்தில் பிறந்த மக்களவை நடைமுறை விதிகளில் 32 முதல் 54 வரை கேள்விகளுக்கானவை. பூஜ்ஜிய நேரமோ (முன்கூட்டிய அறிவிப்பு இல்லாமல் உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் நேரம்) அந்த விதிகளிலும் இல்லை. 1962 முதல் வழக்கத்தால் நிலைத்தது. இரண்டையும் ஒரே கூற்றில் கலந்து கேட்பது தேர்வாளர்களுக்குப் பிடித்த வேலை.

வரலாற்றுத் தாளுக்கும் இதே இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வையுங்கள். கேள்வி கேட்கும் உரிமை 1892 இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தில் வந்தது, துணைக் கேள்வி (பதிலைத் தொடர்ந்து அவையிலேயே எழுப்பும் அடுத்த கேள்வி) இல்லாமல். 1909 சட்டம் மூலக் கேள்வி கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி கேட்க இடம் கொடுத்தது. 1919க்குப் பின் மற்ற உறுப்பினர்களுக்கும் அந்த உரிமை விரிந்தது. மூன்று ஆண்டுகளையும் தனித்தனியாகப் படித்தால் மறந்துபோகும். துணைக் கேள்வி என்ற ஒரே நூலில் கோத்தால் மறக்காது.

இனி கேள்வியின் பயணம். உறுப்பினர் அறிவிப்புக் கொடுக்கும்போது குறைந்தது 15 முழு நாள் இடைவெளி வேண்டும். அறிவிப்புக் கொடுத்த நாளும் பதில் வரும் நாளும் இந்தக் கணக்கில் சேராது. அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நாள் ஒதுக்கப்படும். ஆகவே ரயில்வே பற்றி நினைத்த நாளில் கேட்க முடியாது. அந்த அமைச்சருக்கு உரிய கிழமை வரவேண்டும். வந்து குவியும் அறிவிப்புகளில் யாருடையது முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், 230 குறியிடாதவை. மாநிலங்களவையில் 15, 160. ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளில் ஒரு நட்சத்திரக் கேள்விதான் பட்டியலில் ஏறும்.

இந்த எண்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். மக்களவை எண்ணை மாநிலங்களவைக்குப் போடுவது ஒரு வகை. நேரத்தைக் குழப்புவது இன்னொரு வகை: மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை, மாநிலங்களவையில் 2014 குளிர்காலக் கூட்டத்தொடர் முதல் பகல் 12 முதல் 1 வரை. 'இரு அவைகளிலும் அமர்வின் முதல் ஒரு மணி நேரம்' என்று பழைய குறிப்பில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். பட்டியல் அச்சாகும் தாளின் நிறமும் கேட்கப்படும்: நட்சத்திரக் குறியிட்டது பச்சை, குறியிடாதது வெள்ளை, குறுகிய கால அறிவிப்பு இளஞ்சிவப்பு, தனி உறுப்பினர்களிடம் கேட்பது மஞ்சள். அமைச்சர் அல்லாத உறுப்பினரிடமும் கேள்வி கேட்கலாம் என்பதை (விதி 40) பலரும் நம்பாமல் தவறான விடையைக் குறிக்கிறார்கள். அவர் பொறுப்பில் உள்ள தனிநபர் மசோதா அல்லது தீர்மானம் தொடர்பாகக் கேட்கலாம். குறுகிய கால அறிவிப்புக் கேள்வி விதி 54இல் வருகிறது: பத்து நாளுக்கும் குறைந்த அவகாசம், பொது முக்கியத்துவம், அமைச்சரின் ஒப்புதல் மூன்றும் சேரவேண்டும்.

பயணத்தின் அடுத்த கட்டம் விதி 41. பயிற்சி மையக் குறிப்புகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது; மெயின்ஸில் உங்கள் விடையை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்துக் காட்டுவதும் இதுதான். எந்தக் கேள்வி அனுமதிக்கப்படும் என்பதை இந்த விதி சொல்கிறது. 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், குத்தல் பேச்சு, அவதூறு இருக்கக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்று கற்பனை நிலையை வைக்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது, ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டது, எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளது, மத்திய அரசின் பொறுப்பில் அடிப்படையில் வராதது ஆகியவை நிராகரிக்கப்படும்.

இதன் விளைவைப் பாருங்கள். 'இந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்பதை அமைச்சர் ஒப்புக்கொள்கிறாரா' என்று கேட்டால் அது கருத்துக் கேட்பது, செயலகத்தோடு நின்றுவிடும். அதையே உறுப்பினர் உடைத்து எழுதவேண்டும்: (அ) பயனாளிகள் எத்தனை பேர், (ஆ) ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை மாநில வாரியாக என்ன, (இ) குறைவுக்குக் காரணம் என்ன, (ஈ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன. நாடாளுமன்றக் கேள்விகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பது இதனால்தான். கேள்வி தகவலைக் கேட்பதாக மட்டுமே இருக்க முடியும் என்பதால், தகவல் இல்லை என்று சொல்லிப் பதில் தப்பித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டதா என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டார்கள். அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். தரவு இல்லாததால் இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை என்று அடுத்த வரியில் முடித்தது. வழக்கமான கூட்டத்தொடரில் இது நட்சத்திரக் கேள்வியாக வந்திருந்தால் உறுப்பினர் எழுந்து 'ஏன் பராமரிக்கவில்லை' என்று துணைக் கேள்வி தொடுத்திருப்பார். அந்தத் தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே கிடையாது. குறியிடாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் மட்டும் வந்தது. துணைக் கேள்வி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை. மக்கள் உயிர் பற்றிய கேள்வி இரண்டு வரிப் பதிலோடு முடிந்துபோனது.

இன்னொன்று 2021 ஜூலை 20, மாநிலங்களவை. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் பற்றிய கேள்வி. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது, மரணங்களை மாநிலங்களே தெரிவிக்கின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று குறிப்பாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்று பதில் வந்தது. கூட்டாட்சி பற்றிய கேள்விக்கும் இந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்தலாம்: பொறுப்பு இரண்டு அரசுகளுக்கு நடுவில் விழும்போது பதில் சொல்ல யாரும் இருப்பதில்லை.

குறை மட்டும் எழுதினால் விடை ஒருபக்கமாகிவிடும். எதிர்ப்பக்கத்துக்கு முந்த்ரா விவகாரம். புதிதாக உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய் முதலீடு செய்தது பற்றி 1957இல் அவையில் கேள்விகள் எழுந்தன. டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி அதை விரிவாகக் கிளப்பினார். ஆளும் கட்சியைச் சேர்ந்தவர் அவர் என்பதை விடையில் மறக்காமல் குறிப்பிடுங்கள். எம்.சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முதலீட்டுத் தொகை எவ்வளவு என்பதில் தொடங்கிய விவகாரம் ஓர் அமைச்சரின் பதவியில் போய் முடிந்தது.

மீண்டும் நம் கேள்விக்கு வருவோம். நட்சத்திரக் கேள்வியின் மூலப் பதில் அச்சிட்ட அறிக்கையாக மேசையில் வைக்கப்பட்டுவிடும். அவையில் நேரலையில் நாம் பார்ப்பதெல்லாம் துணைக் கேள்விகள்தான். கேட்டவருக்கு இரண்டு, அதன்பின் சபாநாயகர் விருப்பப்படி மற்றவர்களுக்கு. ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டு போவதால் ஒரு மணி நேரத்தில் சில கேள்விகளே முடியும்; முறை வராதவற்றுக்கு எழுத்துப் பதிலே பதில். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1972க்குப் பிறகு அப்படி நடப்பது அதுவே முதல்முறை. பதிலில் இன்னும் தெளிவு வேண்டுமென்றால் விதி 55இன் கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். வாரத்தில் மூன்று நாள், வாக்கெடுப்பு கிடையாது. கவன ஈர்ப்பு (விதி 197), குறுகிய கால விவாதம் (விதி 193) ஆகியவற்றோடு இதைக் குழப்பாமல் இருந்தால் போதும்.

பெரும்பாலான விடைகள் இங்கே நின்றுவிடும். இன்னும் ஒரு கட்டம் பாக்கி. 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்', 'இது பரிசீலனையில் உள்ளது' போன்ற பதில்கள் உறுதிமொழிகளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அவற்றை அரசு மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றவேண்டும். கண்காணிப்பது அரசு உறுதிமொழிக் குழு. மக்களவையில் 1953 முதல், 15 உறுப்பினர்கள். மாநிலங்களவையில் 1972 முதல், 10 உறுப்பினர்கள். அமைச்சர் இதில் உறுப்பினராக முடியாது. பொறுப்புடைமை பற்றிய விடையில் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு என்று எல்லோரும் எழுதும் இடத்தில் இந்தக் குழுவைச் சேர்ப்பவர்கள் மிகக் குறைவு.

தமிழ்நாடு சட்டமன்றத்துக்கும் இதே குழு உண்டு. மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கு வரும். உங்கள் ஊர்ப் பதிப்பு நாளிதழில் அந்தச் செய்தியைத் தேடிப் பாருங்கள். பேரவைத் தலைவர் திருக்குறள் வாசித்து முடித்ததும் கேள்வி நேரம் தொடங்கும். 2022 ஜனவரி முதல் அது நேரலையில் வருவதால் தனியாகப் பாடம் தேவையில்லை. உறுப்பினர் தன் தொகுதிக்குப் பாலமோ பேருந்து நிலையமோ கேட்பார். 'அப்படி ஒரு கருத்துரு அரசிடம் இல்லை', 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்', 'ஆவன செய்யப்படும்' என்று அமைச்சர்கள் சொல்வதில் எது மறுப்பு, எது உறுதிமொழி என்று பிரித்துப் பழகுங்கள். ஒன்று மட்டும்: பேரவைக்குத் தனி விதிகள் உண்டு (பிரிவு 208). மக்களவையின் 20, 230 எண்களைச் சட்டமன்றத்துக்குப் போட்டு எழுதாதீர்கள்.

படிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மக்களவை விதிகள் 32 முதல் 55 வரை நேரடியாக வாசியுங்கள், சில பக்கங்கள்தான். பிறகு நாடாளுமன்ற இணையதளத்தில் வினாக்கள் பகுதிக்குப் போய், உங்களுக்குத் தெரிந்த துறை ஒன்றைத் தேர்ந்து (வேளாண்மை, ரயில்வே, மீன்வளம் எதுவானாலும் சரி) ஒரே பொருளில் நான்கைந்து கேள்வி பதில்களை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் நேராகப் பதில் வந்ததா, இணைப்பில் தள்ளப்பட்டதா, மாநிலத்தின் தலையில் போடப்பட்டதா என்று ஓரத்தில் குறியுங்கள். அதே நாளின் அவை நடவடிக்கைப் பதிவில் துணைக் கேள்விகளைப் பாருங்கள். இந்தப் பதில்களில் உள்ள திட்டப் புள்ளிவிவரங்கள் பொருளாதாரத் தாளுக்கும் உதவும்; ஆதாரமாக அவையின் பெயர், கேள்வி எண், தேதியோடு எழுதலாம்.

2021 யுபிஎஸ்சி மெயின்ஸில் நிர்வாகத்தின் பொறுப்புடைமையை நாடாளுமன்றம் எந்த அளவுக்கு உறுதிசெய்கிறது என்று கேட்டிருந்தார்கள். 10 மதிப்பெண், 150 சொல். இதில் கேள்வி நேரத்துக்கு 40 சொல்லுக்கு மேல் தர முடியாது. அந்த 40 சொல்லில் வகைகளை விவரிக்காதீர்கள். 75(3), துணைக் கேள்வி, 2020 நிகழ்வு, உறுதிமொழிக் குழு நான்கும் வந்தால் போதும். அமளியால் நேரம் வீணாகிறது என்பதை ஒரு வரியில் முடித்துவிடுங்கள். அதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். 250 சொல் கிடைத்தால் மட்டும் முந்த்ராவையும், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் (மக்களவை 10, மாநிலங்களவை 1) நீக்கப்பட்டதையும் சேருங்கள். அந்த நீக்கம் செல்லும் என்று 2007இல் ராஜாராம் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உறுப்பினர் சிறப்புரிமை, பிரிவு 105 பற்றிய கேள்விக்கும் அதுவே கைகொடுக்கும்.

பிரிலிம்ஸில் யுபிஎஸ்சிக்குத் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும் என்பதால், எண் சார்ந்த கூற்றில் எந்த அவை என்று உறுதியாகத் தெரியாமல் குறிக்காதீர்கள். கேள்விகளின் எண்ணிக்கை, ஓர் உறுப்பினர் கொடுக்கக்கூடிய அறிவிப்புகளின் எண்ணிக்கை ஆகியவை சபாநாயகர் உத்தரவால் மாறக்கூடியவை. தேர்வுக்கு ஒரு மாதம் முன் இரு அவைகளின் இணையதளத்திலும் அவற்றை ஒருமுறை சரிபார்த்து, குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.