தரைத்தூசியில் ஈஸ்ட், காற்றில் ஈஸ்ட்

பாஸ்டனில் எங்களுக்கு இது நான்காவது குளிர்காலம். என் மகளுக்கு எட்டாம் மாதத்தில் இளைப்பு தொடங்கியது. முதுகில் காதை வைத்தால், மூடாத ஜன்னலிடுக்கில் காற்று நுழைவதைப் போன்ற மெல்லிய விசில் கேட்கும். அன்று முதல் வாக்குவம் கிளீனரும் கையுமாகத் திரிகிறேன். சென்ற வாரம் ஊரிலிருந்து மாமனார் வாட்ஸாப்பில் ஒரு செய்தியை அனுப்பி, "பார்த்தீங்களா மாப்பிள்ளை, தூசியில இருக்கற ஈஸ்ட் ஆஸ்துமாவைத் தடுக்குமாம், ரொம்பக் கூட்டித் துடைக்காதீங்க" என்றார்.

தேடிப் பார்த்தபோது, அந்த ஆய்வு நடந்ததே நாங்கள் வசிக்கும் இந்த ஊரில்தான். பெற்றோரில் ஒருவருக்காவது ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்த ஏறத்தாழ 500 குழந்தைகளின் வீடுகளுக்கு, அவர்கள் இரண்டு மூன்று மாதக் குழந்தைகளாக இருந்தபோதே சென்று, தரைத்தூசியையும் அறைக்காற்றையும் தனித்தனியே எடுத்து, அவற்றில் என்னென்ன பூஞ்சைகள் வளர்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள் (ஈஸ்ட்டும் ஒரு வகைப் பூஞ்சைதான்). 2013இல் வெளியான முடிவின்படி, தூசியில் ஈஸ்ட் மிகுந்திருந்த வீட்டுக் குழந்தைகளுக்கு முதல் வயதில் இளைப்பு குறைவு. ஆனால் அறைக்காற்றில் ஈஸ்ட் மிகுந்திருந்தால் இளைப்பு கூடுதல். மாமனாருக்கு வந்த செய்தியில் இந்தப் பின்பாதி இல்லை. 2015இல் வந்த தொடர் ஆய்வு, அக்குழந்தைகளைப் பதின்மூன்று வயது வரை கவனித்து, தூசி ஈஸ்ட்டுடன் இளைப்பும் பூஞ்சை ஒவ்வாமையும் குறைந்திருந்ததையே மீண்டும் கண்டது.

ஈஸ்ட்டின் செல் சுவரில் உள்ள பீட்டா குளூக்கான் என்ற பொருள் குழந்தையின் நோயெதிர்ப்பு அமைப்பைப் பழக்குகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. தூசி பல வாரங்களாகச் சேர்வது. காற்று மாதிரியோ மிகக் குறுகிய நேரத்தில் பிடிக்கப்படுவது. ஆகவே தூசியிலுள்ள ஈஸ்ட், அந்த வீட்டில் இருந்த வேறு ஏதோ ஒன்றின் அடையாளமாக மட்டுமே இருக்கலாம். இது கண்காணிப்பு ஆய்வுதான். யார் வீட்டிலும் ஈஸ்ட்டைத் தூவிப் பார்க்கவில்லை. 2016இல் அமெரிக்காவில் பழைய முறையில் விவசாயம் செய்யும் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தின் குழந்தைகளில் ஆஸ்துமா 5 சதவீதம் என்றும், இயந்திரப் பண்ணைகளை நடத்தும் ஹட்டரைட் என்ற இன்னொரு கிறித்தவச் சமூகத்தின் குழந்தைகளில் 21 சதவீதம் என்றும் வந்த ஆய்விலும் வீட்டுத்தூசிக்கு நற்பெயர் கிடைத்தது உண்மை. ஆனால் அது ஆமிஷ்களைப் போல மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வாழ்பவர்களின் தூசி. எங்கள் அடுக்குமாடிக் கார்ப்பெட்டின் தூசியன்று.

என்னை உறுத்தியது காற்றைப் பற்றிய பாதிதான். ஹீட்டர் அறையை உலர்த்துவதால் மகளின் கட்டிலருகே இரவெல்லாம் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் ஓடுகிறது. அதன் தொட்டியைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் இளஞ்சிவப்பாய், விரலில் வழுக்கும் ஒரு படலம். அது ஈஸ்ட்டாகவும் இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம். எதுவானாலும், தண்ணீரில் இருப்பதை அந்தக் கருவி அப்படியே நுண்துளியாக்கி அவள் முகத்தருகே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

மாமனாரிடம் இதைச் சொன்னேன். அப்படியானால் இட்லி மாவு என்று தொடங்கினார். மாவிலும் ஈஸ்ட் உண்டுதான், ஆனால் அதை நாம் வேகவைத்துச் சாப்பிடுகிறோம், மூச்சில் இழுப்பதில்லை என்றேன். மருத்துவர் எழுதிய தடுப்பு இன்ஹேலர் காலையும் மாலையும் ஸ்பேசர் என்ற குழாய் வழியே தொடர்கிறது. தொட்டியை இப்போது தினமும் காலையில் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைக்கிறேன்.