மின்சுற்றுப் பாடத்துக்குள் ஒரு குவிஸ்

பாடத்தை பவர்பாயின்டில் செய்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது கொரோனாக் காலத்தில் பிடித்த பழக்கம். மட்டக்களப்பில் நாங்கள் பலர் அதை இன்னும் விடவில்லை. மாரி மழைக்கு வாவி பெருகி, படுவான்கரை வீதிகளில் தண்ணீர் ஏறினால் பிள்ளைகளால் வர முடியாது. பாடம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். ஆனால் போன ஸ்லைடைத் திறந்தார்களா, விளங்கியதா, எதுவும் தெரியாது. "விளங்கினதா?" என்று கேட்டால் குழு முழுக்கக் கைகூப்பும் இமோஜி வரும்.

அதனால்தான் சாதாரண தர விஞ்ஞானத்தின் மின்சுற்றுப் பாடத்துக்குள் கேள்விகளைச் சேர்க்கத் தொடங்கினேன். கேள்வி போட்டு இணையத்தில் விடை வாங்கும் கூகுள் ஃபோர்ம்தான் எடுத்தேன். கஹூட் மாதிரியான இணையக் குவிஸ் போட்டிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால்தான் கலகலப்பு. இங்கே பல வீடுகளில் தகப்பன் வயலால் வந்த பிறகுதான் போன் பிள்ளையின் கைக்கு வரும்.

முதல் தலையிடி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. எங்கள் பக்கத்துப் பழைய ஸ்லைட்களில் பாதி அதில்தான் இருக்கும். ஒரு கேள்வியைக் கொப்பி பண்ணி ஃபோர்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான், அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி - யூனிகோட் மாற்றியில் போட்டால் நொடியில் மாறிவிடும். ஆனால் அலகுகளைக் கட்டாயம் திரும்பப் பாருங்கள். வோல்ட்டுக்கான ஆங்கில எழுத்தையும் அது தமிழாக்கி, '12 ஏ' என்று எழுதி வைத்திருக்கும். ஸ்லைட்களை மாற்றத் தேவையில்லை. பவர்பாயின்டிலேயே 'சேவ் அஸ்' போய் ஜேபெக் என்று தெரிவு செய்து, 'ஆல் ஸ்லைட்ஸ்' கொடுத்தால் ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு படமாகிவிடும். படத்துக்கு எழுத்துரு வேண்டாம், எந்தப் போனிலும் தெரியும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். புரொஜெக்டருக்குச் செய்த ஸ்லைட் சின்னப் போனில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

பலரும் செய்வது கடைசி ஸ்லைடில் குவிஸ் லிங்கை ஒட்டுவது. பிள்ளைகள் நேரே கடைசி ஸ்லைடுக்குப் போவார்கள், நாமும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்போம். நான் தலைகீழாகச் செய்தேன். ஃபோர்மையே பாடமாக்கி, ஸ்லைட் படங்களை அதற்குள் வைத்தேன். ஒரு செக்‌ஷனில் இரண்டு மூன்று படம், கீழே ஒரு கேள்வி, பிறகு அடுத்த செக்‌ஷன். லிங்க் ஒன்றுதான். இரண்டு செயலிக்கு நடுவே தாவும்போது பிள்ளை தொலைந்து போகிற பிரச்சினையும் இல்லை.

கேள்வியின் கீழ் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் 'கோ டு செக்‌ஷன் பேஸ்ட் ஆன் ஆன்சர்' என்று ஒன்று வரும். எனக்கு இதில் ஆகப் பிரயோசனப்பட்டது அதுதான். சரியான விடைக்கு அடுத்த பாடப்பகுதி, பிழையான விடைக்கு விளக்கம் உள்ள வேறு செக்‌ஷன், அங்கிருந்து திரும்பப் பாடத்துக்கு. பல்தேர்வுக்கும் டிரொப்டவுனுக்கும் மட்டும்தான் இந்த வசதி. குவிஸில் நாம் எழுதி வைக்கும் பின்னூட்டம் சப்மிட் பண்ணிய பிறகுதான் தெரியும், அதற்குள் பிள்ளை பிழையோடு நாலு பக்கம் கடந்துவிடும்.

இனிக் கேள்வி. இதற்குத்தான் அதிக நேரம் போனது. வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "முதல் பல்புல கொஞ்சம் கரண்ட் செலவழிஞ்சிரும்தானே சேர்?" அதை அப்படியே எடுத்தேன். உலர் மின்கலம் ஒன்று, தொடராக இரண்டு மின்குமிழ், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு அம்பியர்மானி. இரண்டாவது மானி எதைக் காட்டும்? முதலாவதை விடக் குறைவு, கூட, சமம், பூச்சியம் என்று நாலு விடை. 'குறைவு' என்று தொட்ட பிள்ளை வேறு பக்கத்துக்குப் போகும். அங்கே மூன்று மானி போட்ட படம், மூன்றிலும் ஒரே வாசிப்பு. குமிழில் சக்திதான் வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுகிறது, ஓட்டம் குறையவில்லை என்று இரண்டு வரி. பிறகு புள்ளி இல்லாத இன்னொரு கேள்வி, அங்கே குமிழுக்குப் பதில் தடையி. பிழையான விடைகளை நாமே கற்பனை பண்ணினால் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். பிள்ளைகள் வாயால் வந்ததும் பழைய விடைத்தாள்களில் கிடந்ததும்தான் வேலை செய்யும்.

செட்டிங்ஸில் 'மேக் திஸ் அ குவிஸ்' போட்டு, விடையும் புள்ளியும் கொடுத்தால் திருத்தும் வேலை முடிந்தது. 'லிமிட் டு வன் ரெஸ்பொன்ஸ்' மட்டும் போடாதீர்கள். போட்டால் ஜீமெயிலில் லொகின் பண்ணச் சொல்லும், அக்காவும் தம்பியும் ஒரே போனில் செய்யவும் முடியாது. பெயரை ஒரு சிறுவிடைக் கேள்வியாகக் கேட்டால் போதும். லொகின் இல்லாமல் செய்கிற பிள்ளைக்கு இடையில் பக்கம் மூடினால் செய்தது போய்விடும், அதனால் ஃபோர்ம் சின்னதாக இருக்கட்டும். விடைகளின் வரிசையை மாற்றும் 'ஷஃபிள் ஒப்ஷன் ஓடர்' நல்லது, 'ஒன்று மூன்று, இரண்டு நாலு' என்று குழுவில் விடை பரவாது. 'மேற்கூறிய யாவும்' என்று முடியும் கேள்விக்கு மட்டும் அதைப் போடாதீர்கள், யாவும் போய் முதலாவதாக நிற்கும். அனுப்புமுன் லொகின் இல்லாத வேறொரு போனில் திறந்து பார்த்துவிடுங்கள்.

விடைகள் வந்த பிறகு மொத்தப் புள்ளியை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. 'ரெஸ்பொன்சஸ்' பக்கத்தில் கேள்விக்குக் கேள்வி வட்ட வரைபு வரும். 'குறைவு' என்ற துண்டு பெரிதாக இருந்தால் அடுத்த வகுப்பில் ஸ்லைட் இல்லை, மின்கலமும் வயரும் கொண்டுபோய் மேசையில் சுற்றையே பூட்டிக் காட்ட வேண்டியதுதான்.

போன் இல்லாத வீடுகளுக்கு அதே படங்களை ஒரு தாளுக்கு நாலாக அச்சிட்டு, விளக்கப் பக்கத்தைப் பின்புறம் வைத்துக் கொடுக்கிறேன். சமாந்தரச் சுற்றுப் பகுதி இப்போதுதான் நடக்கிறது. அங்கே பிழைகள் ஒன்றுக்குள் ஒன்று கிளைவிடுகின்றன, ஒரே ஃபோர்மில் அடைத்தால் எனக்கே வழி தவறுகிறது. அதனால் ஓட்டத்துக்கு ஒன்று, அழுத்த வித்தியாசத்துக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்துச் செய்துகொண்டிருக்கிறேன்.