கட்டம் விழுந்தா துணிய எடு

8 கிலோ அரிசி போச்சு. அதோட வீட்ல இருந்த அத்தன கர்ட்டனும், எண்ணிப் பாத்துட்டேன், மொத்தம் 14, கொடியில தொங்குன எடத்துலயே இன்னொரு தடவ அலசியாச்சு. தீவாளிக்கு இன்னும் 9 நாளு. குத்தவாளி நான்தான்னு வீட்ல எல்லாரும் ஒத்துமையா தீர்ப்பு சொல்லிட்டாங்க, எங்க சின்னவன் உட்பட, இத்தனைக்கும் புது டிவி டப்பாவ பாட்டிக்குப் பழக்கி விட்டதே அவந்தான்.

விசயம் என்னன்னா, போன மாசம் கூரைமேல இருந்த டிவி தட்டுக்கு, அதான் செயற்கைக்கோள் டிஷ்ஷுக்கு, நான் பெரிய கும்பிடா போட்டேன். மாசம் 130 வெள்ளி, மலேசிய ரிங்கிட்டு. அந்த 130-ல அம்மா பாக்குறது மூணே மூணு நாடகம், பசியாறிட்டு ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மத்த சேனல் எல்லாம் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி சும்மா நின்னுட்டுப் போவுது. சின்னவன் எல்லாத்தையும் போன்ல பாக்குறான், வீட்டுக்காரி சமையல் வீடியோ பாக்குறா (பாக்குறதோட சரி), நான் செய்தி ஆரம்பிச்சா தலைப்புச் செய்தி முடியுறதுக்குள்ள தூங்கிடுவேன். இதுக்கு எதுக்கு 130-னு கிள்ளான்லேர்ந்து வந்த மச்சான் கேட்டாரு. மச்சான் பேச்சக் கேட்டு நான் செஞ்சது ஒண்ணாச்சும் வெளங்கியிருக்கா? இருந்தும் கேட்டேன்.

நிறுத்தப் போறேன்னு போன் பண்ணா லேசுல விடுறாங்களா. 40 நிமிசம் பாட்டு. அப்பறம் ஒரு பொண்ணு வந்து, ஐயா நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியமான வாடிக்கையாளர், உங்களுக்காக மட்டும் 75 வெள்ளிக்குத் தர்றோம்னுது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 14 வருசமா 130 கட்டினவனுக்கு இல்லாத 75, போறேன்னு சொன்னவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? வேணாம்மான்னு வச்சுட்டேன். அந்த வீம்புக்குத்தான் இப்ப அரிசியில கட்டிக்கிட்டு இருக்கேன்.

தட்டோட இணைப்பு போயி இன்டர்நெட்டு டப்பா வந்துச்சு. தீப்பெட்டி அளவுதான், ரிமோட்டுல பேசுனா கேக்குமாம். சின்னவன் அம்மாவுக்குப் பாடம் எடுத்தான், பாட்டி இந்தப் பொத்தான அமுக்கிட்டு சொல்லுங்க, அது போடும். அம்மா அமுக்குனாங்க. "தம்பி, பசியாறிட்டியாப்பா? அந்த மத்தியான நாடகத்தக் கொஞ்சம் போடுய்யா." அது கொஞ்சநேரம் சுத்து சுத்துனு சுத்திட்டு தோசை ஊத்துற வீடியோ ஒண்ணு போட்டுச்சு. அம்மாவுக்கு ஒரே சந்தோசம், பாரு, பசியாறலயாம் பாவம்.

சரி, பழகிக்குவாங்கன்னு நெனச்சேன். ஆனா எங்க தாமான் வீடு, அதான் குடியிருப்புப் பகுதி வீடு, எப்படின்னு உங்களுக்குத் தெரியும், வரிசை வீடு, நடுவுல ஒரே செவுரு, அந்தப் பக்கம் மூணாம் நம்பர் பெரியம்மா. அவங்களும் அதே நாடகம்தான், ஆனா தட்டுல. இன்டர்நெட்டுல நேரலை வர்றதுக்கு அரை நிமிசம், ஒரு நிமிசம் லேட்டாவுமாமே, எனக்கு அப்பத்தான் தெரியும். இங்க மாமியார் பால்ல எதையோ கலக்கிக்கிட்டு இருக்கா, மருமவ குடிப்பாளா மாட்டாளான்னு அம்மா சோபா நுனியில ஒக்காந்திருக்காங்க, செவுத்துக்கு அந்தாண்டலேர்ந்து "ஐயோ, குடிச்சிட்டாளே பாவி!"னு ஒரு சத்தம். அவ்ளோதான். மறுநாளு "செத்துட்டான்"னு கேட்டுச்சு, யாரு செத்தான்னு தெரியாம அம்மா முக்கா நிமிசம் தவிச்ச தவிப்பு இருக்கே. அதுக்கு மறுநாளு, செவுத்துல காத வச்சாலே போதும் போலருக்கு, இதுக்கு எதுக்கு டிவின்னு கேட்டாங்க. அதுல ஒரு ஞாயம் இருந்துச்சு, மாசம் எவ்ளோ மிச்சமாவும்னு நானே மனசுக்குள்ள கணக்குப் போட்டேன்.

இதெல்லாம் பொறுத்துக்கிட்டாங்க. டிவி விசயத்துல எங்க அம்மா பாக்காத கஷ்டமா? ரப்பர் தோட்டத்துல கிராணி (கணக்கப்பிள்ளை) வீட்டு சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னு கறுப்பு வெள்ளையில படம் பாத்தவங்க. அதுல கதாநாயகி கட்டுன சேல மாம்பழக் கலருன்னு இன்னிக்கும் சத்தியம் பண்ணுவாங்க, நாட்டுக்கே கலரு டிவி வந்தது 1978 டிசம்பர்லம்மான்னா, எனக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுச்சும்பாங்க. அப்பறம் தோட்டத்து லயத்துல (வரிசைக் குடியிருப்புல) எங்க வீட்டுக்கே டிவி வந்து, லோரி பேட்டரி வச்சு ஓட்டி, படம் முடியுற நேரமாப் பாத்து பேட்டரி எறங்கி கதாநாயகன் முகம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியா ஆயிடும், அப்பா பேட்டரிய சைக்கிள்ல கட்டி டவுனுக்கு சார்ஜ் போட எடுத்துட்டுப் போவாரு. வீட்ல தட்டு வைக்கவே கூடாதுன்னு சட்டம் இருந்த காலத்தையும் பாத்திருக்காங்க, 1996-ல சின்னத் தட்டு வந்து ஊரே அண்ணாந்து நின்னதையும் பாத்திருக்காங்க.

அம்மா தட்ட வச்சிருந்தது நாடகத்துக்கு மட்டும் இல்லங்கிறதுதான் இந்த மரமண்டைக்குப் புரியல.

நம்ம சுங்கை சிப்புட் மழையப் பத்தி சொல்லணுமா. அந்தக் கால மந்திரி துன் சம்பந்தன் பொறந்த ஊருன்னு ஒரு பெருமை, மத்தியானம் ரெண்டு மணிக்கு மண்டைய பொளக்குற வெயிலு, மூணு மணிக்கு வானமே இடிஞ்சு விழும், அக்டோபர் நவம்பர்ல கேக்கவே வேணாம். தைப்பிங்காரங்க தங்க ஊர்லதான் மழைன்னு அலட்டிக்குவாங்க, வருசத்துக்கு 4,000 மில்லிமீட்டராம், அந்தக் காலத்துல இன்னிக்குப் பெய்யுமா பெய்யாதான்னு அங்க பந்தயமே கட்டுவாங்களாம். எங்க அம்மாவ தட்டோட அங்க ஒக்கார வச்சிருந்தா நாங்க இப்ப பங்களாவுல இருந்திருப்போம்.

ஏன்னா அம்மாவுக்கு ஒரு கணக்கு இருக்கு. டிவியில சத்தம் மட்டும் 'டக் டக்'னு வெட்டுனா, மேகம் கூடுது, எழுந்திரிக்க வேணாம், காலு ரெண்டையும் கீழ எறக்கி வச்சுக்கணும். படத்துல ஓரமா நாலஞ்சு கட்டம் விழுந்தா 10 நிமிசம் இருக்கு, தடிச்ச துணி மொதல்ல, துண்டு, ஜீன்ஸு, போர்வை. மொகமே தெரியாம கட்டம் கட்டமா ஆயிடுச்சுன்னா ரெண்டு கையாலயும் அள்ளு, கிளிப்பு தெறிச்சாலும் பரவால்ல. நீலத்துல எழுத்து வந்துடுச்சுன்னா நீ லேட்டு. இத்தன வருசத்துல எங்க வீட்டுத் துணி ஒரு நாளு நனைஞ்சதில்ல. எனக்கு இதெல்லாம் தெரியும், சின்ன வயசுலேர்ந்து "கட்டம் விழுது, துணிய எடு!"ங்கிற கூப்பாட்டுலதான் வளந்தேன், ஆனா அந்தக் கட்டம் தட்டோட சேந்ததுன்னு தோணவே இல்ல பாருங்க.

ஒயர்மேன் அங்கிள்கிட்ட கேட்டேன். தட்டுக்கு வர்ற அலை மூணு சென்டிமீட்டர்கூட இல்லாத குட்டி அலையாம், கனத்த மழத்துளி குறுக்க வந்தா பாதியத் தின்னுடுமாம். நம்ம ஊருத் தட்டு எல்லாம் ஏன் வானத்தப் பாத்து மல்லாந்து கெடக்குதுன்னா, செயற்கைக்கோளு சுமத்ராவுக்கு அந்தாண்ட இந்துமாக்கடலுக்கு மேல நிக்குதாம், நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தல, லேசா மேக்கால. அதனால மேக்கேர்ந்து வர்ற மழ நம்ம வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பாதையில குறுக்க நிக்கும். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிஞ்சது 10 நிமிசம்.

அன்னிக்கு சனிக்கெழமை. பலகார மாவுக்குக் காயப்போட்ட அரிசி வாசல்ல பழைய சேலையில, கர்ட்டன் பின்னாடி கொடியில, அம்மா சோபாவுல, நாடகம் டப்பாவுல. படம் கண்ணாடி மாதிரி ஓடுது. மருமவ அழுவுற ஒவ்வொரு சொட்டும் தெளிவாத் தெரியுது, சொட்டு விழுற சத்தம்கூட கேக்குதேன்னு அம்மா வாய்விட்டுச் சொன்னாங்களாம். அது வெளிய விழுந்த சொட்டு. செவுத்துக்கு அந்தாண்ட பெரியம்மா "கட்டம்! கட்டம்!"னு கத்துனது என்னமோ உண்மைதான், எங்க அம்மா அத நாடகத்துல வர்ற விசயம்னு நெனச்சு, முக்கா நிமிசத்துல நமக்கும் வரும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

நான் தைலம் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தா வாசல்ல அரிசி கஞ்சித் தண்ணியா ஓடி கால்வாய்ல எறங்குது, எதிர்வீட்டுக் கோழி ரெண்டு நனைஞ்சுக்கிட்டே மேயுது. அம்மா ஒண்ணும் பேசல. டிவிய ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. அப்பறம் "மழ கொட்டுது, இது அசையுதான்னு பாரு. சொரணையில்லாத டிவி." அவ்ளோதான் சொன்னாங்க, அது டிவிய மட்டும் சொன்னதா எனக்குத் தோணல.

பரிகாரம் பண்ணணும்ல. போன்ல மழை ஆப் போட்டுக் குடுத்தேன், அது எங்க பேராக் மாநிலம் முழுக்க ஒரே இடின்னு வருசம் 365 நாளும் சொல்லும், அம்மா ரெண்டு நாளு பாத்துட்டு, இது எதிர்வீட்டு நாய் மாதிரி, எல்லாத்துக்கும் கொரைக்குதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த சந்து மக்சிக் (மலாய்க்கார அம்மா) வீட்ல ஒரு டப்பா சும்மா கெடந்துச்சு, 2019-ல பழைய ஒளிபரப்ப மூடுனப்ப கவர்மெண்டு சும்மா குடுத்தாங்களே அது, மாசக் காசு கெடையாது, வெறும் ஏரியல் போதும். நல்லாத்தான் வந்துச்சு. ரொம்ப நல்லா. மறுநாளு இடியும் மின்னலுமா கொட்டுது, அதுல படம் துளி கலங்கல. இதுவும் சொரணை கெட்டதுன்னு அம்மா மக்சிக்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க, கூடவே ஒரு டின்னு அச்சு முறுக்கு, வீட்டுக்கு மிஞ்சுன ஒரே பலகாரம்.

கடைசியில என்ன ஆச்சுன்னா, கூரையில தட்டு இன்னும் அப்படியேதான் இருந்துச்சு, ஒயர்மேன் அங்கிள் மாசக் கட்டணம் இல்லாத தட்டு டப்பா ஒண்ணு செகண்ட் ஹேண்டுல புடிச்சுக் குடுத்தாரு, ஸ்டோர்ல கெடந்த பழைய சின்ன டிவிய அடுப்படி அலமாரி மேல தூக்கி வச்சேன். அது நாள் முழுக்க சத்தமில்லாம ஓடுது. என்ன சேனல்னு யாருக்கும் தெரியாது, யாரோ எதையோ விக்கிறாங்க. அம்மா அதுல ஒரு நிகழ்ச்சியும் பாக்குறதில்ல, படம் இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்குறாங்க. இன்டர்நெட்டு பில்லு, டப்பா காசு, அங்கிள் கூலி, அரிசி எல்லாம் கூட்டிப் பாத்தா அந்த 75 வெள்ளிப் பொண்ணு ராத்திரி கனவுல வந்து சிரிக்குது. மச்சான் வேற போன் பண்ணி, எப்படி, மிச்சமா இருக்கான்னு கேக்குறாரு.

நேத்து ஈப்போவுல ஆபீஸ்ல இருந்தேன், நாலே முக்காலுக்கு அம்மா போன். "தம்பி, சின்ன டிவியில கட்டம் விழுந்து எழுத்தும் வந்துடுச்சு. மேகம் உன் பக்கமாத்தான் போவுது, கறுப்பா இருக்கு. மோட்டர் பைக்க எடுக்காத, மழை நின்னதும் வா."

இங்க நல்லா வெயிலடிக்குதும்மான்னேன்.

"அடிக்கும். நின்னு வா."

ரெயின்கோட்டு இருக்கும்மா, வந்துடுறேன்னு சொல்லிட்டு மோட்டர் சீட்டத் தூக்குறேன், காணோம்.

"உன் ரெயின்கோட்டா? காலையில தொவைச்சு கொடியில போட்டிருந்தேன். ஒரு பொட்டு நனையல, கட்டம் விழுந்தோடனே மொதல்ல அதத்தான் எடுத்தேன்."